பன்னி ரெண்டும் பன்னிரண்டு போரும்

துப்பாக்கிக் கடையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். தீபாவளியன்று ஜன்னலைச் சாத்திக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவனும் நான்தான். இரண்டும் ஒரே ஆள் என்று எங்கள் செம்பூர் காலனியில் யாரும் நம்புவதில்லை. போதாக்குறைக்கு என் பெயர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துச் சாமியின் பெயர். தாராவியில் வளர்ந்தவரைக்கும் அந்தப் பெயரால் ஒரு வம்பும் இல்லை. கடையில் சேர்ந்த பிறகு, தமிழ் தெரிந்த வாடிக்கையாளர் யார் வந்தாலும் "என்ன சுடலை, இன்னும் சுடலையா?" என்று கேட்டுவிட்டு, இந்த நகைச்சுவையை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவர் தாம்தான் என்பதுபோலச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன். உண்மையிலேயே சுட்டதில்லை என்பது எனக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

போன வருஷம் முதலாளி கடையை மூடினார். ஐம்பத்தாறு வயதில் நானும் வீட்டோடு வந்துவிட்டேன். இப்போது செம்பூரில் குறிசுடும் பயிற்சிக்குப் போகிற இளைஞர்கள் போனில் செய்தி அனுப்புகிறார்கள். "அங்கிள், விலையும் கட்டுப்படியாகணும், குறியும் தப்பக்கூடாது, எல்லாத்துக்கும் ஆகணும். ஒரே ரைஃபிள்னா எது?" வெளிநாட்டு வீடியோக்களின் வேலை இது. அங்கே ஒருவன் பனியில் நின்றுகொண்டு, மான் முதல் கரடிவரை பதினான்கு வகைத் தோட்டாவை வரிசையாக அடுக்குகிறான். நம் ஊரில் வேட்டை என்பது சட்டத்துக்கு வெளியே போய் ரொம்ப நாளாகிறது. மிஞ்சியிருப்பது காகிதத்தில் அடித்த வட்டமும், சில இடங்களில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியும். பன்றிக்கும் எழுத்தில் உத்தரவு வேண்டும். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நம்பரை மட்டும் அனுப்பிவிட்டு நான் டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் அப்படி ஒரே ஒரு ரைஃபிளை நான் ஒருமுறை தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பெரிய முட்டாள்தனம் ஒன்றும் செய்தேன். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

வேலை கற்றுக்கொண்ட கதை சின்னது. எண்ணெய் போட்டேன், பதிவேடு எழுதினேன், தோட்டாப் பெட்டிகளைத் தூக்கினேன், பிறகு கவுன்டருக்கு வந்தேன். முதலாளி பார்சிக்காரர். எல்லோரும் பாவாஜி என்போம். ஃபோர்ட் பக்கத்துப் பழைய கட்டடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், கண்ணாடி அலமாரியின் சாவியை எடுக்குமுன் மூன்று கேள்வி கேட்பார். "கிஸ் பே? கித்னா தூர்? பீச்சே க்யா ஹை?" எதைச் சுடப்போகிறாய், எவ்வளவு தூரத்தில், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது. முதல் இரண்டுக்கு எல்லோரும் பெருமையாகப் பதில் சொல்வார்கள். மூன்றாவதில் முகம் சுருங்கும். பின்னால் என்ன இருந்தால் உமக்கென்ன என்று கேட்டவருக்கு டீ வரும். டீயோடு வியாபாரம் முடிந்துவிடும். சுட்டவனின் கையை விட்டுப் போன குண்டு போய் நிற்கிற இடம்தான் துப்பாக்கியின் மறுமுனை என்பது அவர் கணக்கு. கோபம் வந்தால் கத்தமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பிப்பார். துடைக்கிற நேரத்தை வைத்துக் கோபத்தின் அளவை நாங்கள் கண்டுபிடித்துக்கொள்வோம்.

அந்த மூன்று கேள்வியையும் கேட்காமல் நான் ஒரு படிவத்தை நிரப்பினேன். கதை அங்கேதான் தொடங்குகிறது.

விஸ்வநாதன் சார் மாட்டுங்காவில் இருந்தார். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வயலும் ஒரு வீடும் இருந்தன. அங்கே அவருடைய அக்கா பார்வதியம்மாள் தனியாக இருந்து விவசாயம் பார்த்தார். ஒருநாள் விடிகாலை மோட்டார் போட வரப்பில் போன அந்த அம்மாளைக் காட்டுப்பன்றி முட்டித் தள்ளியதில் இடது கால் எலும்பு முறிந்துவிட்டது. பஞ்சாயத்து உத்தரவு கொடுக்கும். ஆனால் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்தான் சுட முடியும். அந்த வட்டாரத்தில் அப்படி இருந்தவர் இரண்டே பேர். அவர்கள் வந்து சேர்வதற்குள் பன்றி சாப்பிட்டு முடித்துவிடும். ஆகவே தானே உரிமம் எடுப்பது என்று சார் தீர்மானித்தார்.

கடைக்கு வந்தார், படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டார், "பாக்கியை நீங்க பூர்த்தி பண்ணிடுங்கோ சுடலை, அக்கா ஆஸ்பத்திரியில இருக்கா" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ரயிலேறினார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது என் முதல் தப்பு.

மறுவாரம், எந்த வகை ஆயுதம், என்ன போர், அதாவது குழலின் அளவு என்ன, என்ற கட்டத்துக்கு வந்ததும் அவருக்குப் போன் போட்டேன். கடைக்கு வெளியே பஸ் ஹாரன். அந்தப் பக்கம் ஏதோ கூச்சல்.

"சார், என்ன போர்னு எழுதணும்?"

"பன்னி ரெண்டு!" என்று கத்தினார். "ஓய், பன்னி ரெண்டு, பன்னி ரெண்டு!"

லைன் போய்விட்டது.

எங்கள் தாராவியில் பன்னெண்டு என்போம். மாட்டுங்காக்காரர்கள் படித்தவர்கள், எப்படி எழுத்தெழுத்தாகப் பன்னிரெண்டு என்று உச்சரிக்கிறார் பார் என்று எனக்குள் ஒரு மரியாதைகூட வந்தது. அந்த மரியாதையோடு அழகான கையெழுத்தில் எழுதினேன்: 12 போர்.

அவருடைய வாழைத்தோட்டத்துக்குள் அப்போது இரண்டு பன்றிகள் ஓடிக்கொண்டிருந்தன என்பது எனக்கு எப்படித் தெரியும்?

உரிமம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பன்றிகள் இரண்டு போகம் அறுவடை செய்துவிட்டன. சார் உரிமப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சந்தன வாசனையோடு கடைக்கு வந்தார். "எடுங்கோ ரைஃபிளை. அக்காவோட ஒரு ஒப்பந்தம் ஆகியிருக்கு. இந்தப் போகமும் பன்னிக்குப் போனா வீட்டைப் பூட்டிண்டு மாட்டுங்காவுக்கு வந்துடணும்னு சொல்லிட்டேன். அவ என்னடான்னா, மூஞ்சியைத் திருப்பிண்டு உட்கார்ந்திருக்கா."

நான் புத்தகத்தைத் திறந்தேன். 12 போர் கன் என்றிருந்தது. சார் கேட்டது ரைஃபிள், புத்தகத்தில் இருந்தது கன்.

பன்னிரண்டு போர் என்பது சின்னச் சின்ன ரவைகளைத் தெளிக்கிற துப்பாக்கி. முப்பது நாற்பது மீட்டருக்குள் எதுவும் பிழைக்காது. அதற்கு மேல் ரவை விரிந்துவிடும். ரைஃபிள் ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும். பம்ப் ஷெட்டிலிருந்து பன்றி வருகிற வயலோரம் எண்பது மீட்டர் இருக்கும் என்று சார் அன்றைக்குத்தான் சொன்னார். அங்கே ரவையைத் தெளித்தால் பன்றி சாகாது, காயப்படும். காயம்பட்ட பன்றி அடுத்து எந்த வரப்பில் யாரை எதிர்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வரப்பில் தினமும் நடப்பவர் ஒருவர்தான்.

"இது யார் எழுதினது?" என்றார் சார்.

"நீங்கதான சார் போன்ல பன்னிரெண்டுன்னிய!"

"நான் எப்போ சொன்னேன்? பன்னி ரெண்டு வந்துடுத்துன்னு ஆக்கும் சொன்னேன்!"

அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதை கூடும். "தாங்கள் என்னைச் சற்றேனும் திருப்பிக் கேட்டிருக்கலாமே" என்கிற அளவுக்குப் போய்விட்டார். நான் என்ன செய்தேன் என்றால், "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டுத் தோட்டா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே நின்றுகொண்டு, திரும்ப வெளியே போகாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்று யோசித்தேன். சாப்பிட ஒன்றும் இல்லை, ஈயத்தைத் தவிர. பத்து நிமிஷத்தில் வெளியே வந்தேன்.

பாவாஜி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்து பச்சைத் துணி மறைத்திருந்தது. ஆனாலும் இரண்டு கண்ணாடிச் சில்லையும் துடைத்தார். சார் ஒரு கோப்பை டீயைக் குடித்து முடிக்கிறவரை துடைத்தார். பிறகு, "தீன் சவால் பூச்சா?" மூன்று கேள்வியும் கேட்டாயா?

"நஹி, பாவாஜி."

"தோ அப் ச்சல்." அப்படியானால் இனி நட.

நடந்தேன். உரிமப் பிரிவு அலுவலகத்தில் ஆயுத வகையை மாற்ற ஒரு மனு, அதற்கு விளக்கம், கேரளத்திலும் செல்லும் என்ற முத்திரைக்கு இன்னொரு மனு. ஹார்பர் லைனில் காலை வண்டியில் நின்றபடி விளக்கத்தை மனத்துக்குள் இந்தியில் ஒத்திகை பார்ப்பேன். முதல் மூன்று முறை கவுன்டர் வரை போய், "நாளைக்கு வா" என்பதற்காகக் காத்திருந்து, அது கிடைத்ததும் நிம்மதியாகத் திரும்பினேன். நான்காவது முறை, நெல் நட்டாகிவிட்டது என்று சாரிடமிருந்து செய்தி. அன்றைக்கு நகரமாட்டேன் என்று முடிவு செய்தேன். மேஜையில் இருந்த மராத்தி அம்மாள் கேட்டார்: "கன்னு கேட்டவருக்கு இப்ப ஏன் ரைஃபிள்?"

"மேடம், எங்க பாஷையில ரெண்டு பன்னியும் பன்னிரண்டும் ஒண்ணுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் சொல்லிக் காட்டினேன். மெதுவாக ஒருமுறை, போனில் கத்துகிற மாதிரி ஒருமுறை. அவர் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணா, இவருக்கும் சொல்லு" என்றார். அவருக்கும் சொன்னேன். உள்ளறையில் இருந்த அதிகாரி சத்தம் கேட்டு வந்தார்; மூன்றாம் தடவை சொன்னேன். என் மானம் போனது, கோப்பு நகர்ந்தது. தப்பு என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்த தாளின் மேல் அவர் கையெழுத்திட்டார்.

இனி ரைஃபிள். பிள்ளைகள் கேட்ட கேள்வி இதுதான், ஆகவே பொறுமையாகச் சொல்கிறேன்.

பாயின்ட் டூ-டூ என்கிற சின்ன ரைஃபிள் விலை குறைவு, சுட்டால் தோளில் உதையில்லை, குறியும் அபாரம். காகிதத்துக்கு அதுபோல வராது. பன்றியை அது வெறுமனே சீண்டும், அவ்வளவுதான். அதைப் பன்றிக்குக் கொடுப்பவன் கெட்டவன். அதைவிடப் பெரிய தர்ட்டி-ஓ-சிக்ஸ் பிரமாதம், எங்களிடம் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஆனால் அதன் விலைக்குச் சார் இன்னொரு வயலே வாங்கலாம். உதையும் பலம், அறுபத்திரண்டு வயதுத் தோள் இரண்டாம் முறை அதைத் தொடாது. இராணுவம் வைத்திருக்கிற வகைகள் நமக்குத் தடை. மிஞ்சியது அரசுத் தொழிற்சாலையில் செய்கிற 315 போர். பழைய பாணி, கனமான மொண்ணைக் குண்டு, நூறு மீட்டருக்குள் பன்றிக்குப் போதும், தோட்டாவும் கிடைக்கும். ஒரே குறை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தோடு வரும். ஒன்று ராஜா, அடுத்தது ரௌடி. வகையைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த வகையில் எந்தத் துப்பாக்கி என்பதுதான் மறுபாதி.

எங்களிடம் மூன்று இருந்தன. தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தேன். குழலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே தெரியும் வளையங்கள் கோணாமல் இருக்கின்றனவா என்று பார்த்தேன். குழலின் வாய் விளிம்பில் நகத்தை ஓட்டினேன். அங்கே ஒரு சிராய்ப்பு இருந்தாலும் குண்டு கிளம்பும்போதே கோணும். குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவில் பஸ் டிக்கெட்டைச் செருகி இழுத்தேன். ஒரு பக்கம் மட்டும் இடித்தால் குழல் சூடேறியதும் குறி நகரும். மூன்றும் தேறின. இனிச் சுட்டுப் பார்ப்பதுதான் பாக்கி.

"கோன் ச்சலாயேகா?" என்றேன். யார் சுடுவது?

பாவாஜி, புதிதாக அறுவை முடிந்த மறு கண்ணின் பச்சைத் துணியைத் தொட்டுக் காட்டினார். பிறகு கடை உரிமத்தில், சோதித்துச் சுட அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் இருந்த இரண்டாவது பெயரைத் தொட்டுக் காட்டினார். என் பெயர். வருஷக்கணக்காக அலங்காரத்துக்கு இருந்த பெயர்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி தோசைக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "குக்கர் விசிலடிச்சா துள்ளுதீய, நீங்க துப்பாக்கி சுடப் போறியளாக்கும்?" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். குக்கர் விசிலடித்தது. துள்ளினேன்.

நகருக்கு வெளியே இருந்த சுடுதளத்தில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் பொறுப்பில் இருந்தார். மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்து, காதுக்கு மூடி போட்டு, எண்பது மீட்டரில் காகிதம் ஒட்டினார். முதல் தோட்டாவைச் சுட்டேன். சுட்டேன் என்பது பெருமைக்குச் சொல்வது. துப்பாக்கிதான் சுட்டது, நான் கூட இருந்தேன்.

"அண்ணா, டோளே உகட்!" என்று கத்தினார் ஹவில்தார். கண்ணைத் திற.

"திறந்துதான் இருக்கு!"

"வெடிக்கிறதுக்கு முன்னாடியே மூடிட்ட. காகிதத்துல ஓட்டையே இல்ல. பக்கத்து ஆள் சுட்டது ஒண்ணு, அவர் காகிதத்துல ரெண்டு இருக்கு."

அவர் அதற்கொரு வைத்தியம் வைத்திருந்தார். நல்ல தோட்டாவுக்கு நடுவில், எனக்குத் தெரியாமல், மருந்தில்லாத டம்மி ஒன்றைப் போட்டுக் கொடுப்பார். விசையை அழுத்தினால் க்ளிக் என்று மட்டும் கேட்கும். அப்போது தெரியும் என் லட்சணம். வெடிக்காத துப்பாக்கியோடு நான் தோளைச் சிலிர்த்து, கண்ணை இறுக்கி, குழலை ஒரு சாண் கீழே குத்தியிருப்பேன். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். பயம் எனக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது என் ஆட்காட்டி விரலில்தான் உட்கார்ந்திருந்தது. முதல் ஞாயிறு முழுக்கப் பத்துக்கு எட்டு க்ளிக்கில் துள்ளினேன். தோள் கன்றிப்போயிற்று. இரண்டாம் ஞாயிறு ஐந்து. அந்த வாரம் தினமும் சாப்பாட்டு நேரத்தில், காலித் துப்பாக்கியை மூன்று முறை சரிபார்த்துவிட்டு, குழல் நுனியில் நிற்கிற குறிமுள்ளின் மேல் ஒரு நாணயத்தை வைத்து அது விழாமல் விசையை அழுத்திப் பழகினேன். மூன்றாம் ஞாயிறு க்ளிக் வந்தபோது குறிமுள் அசையவில்லை. ஹவில்தார் காகிதத்தை மாற்றினார்.

அதற்குப் பிறகுதான் அசல் சோதனை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் நான்கு தோட்டா. முதலாவது எண்ணெய் படிந்த குழலைச் சுத்தம் பண்ண, கணக்கில் சேராது. அடுத்த மூன்றும் குழல் ஆற ஆற, அவசரமில்லாமல். முதல் ரைஃபிளின் மூன்று ஓட்டைகளையும் மூட ஒரு மசால் தோசை வேண்டும். இரண்டாவதற்கு ஊத்தப்பம். கட்டையில் கீறல் விழுந்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் அலமாரி மூலையில் கிடந்த மூன்றாவது, மூன்று குண்டையும் ஓர் இட்லிக்குள் போட்டது. நம்பாமல், ஆறவிட்டு மறுபடி சுட்டேன். அதே இட்லி. பாவாஜி ஒற்றைக் கண்ணால் காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

ஆகவே பிள்ளைகளே, 315 வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். நீ வாங்கப்போகிற அந்த ஒன்றை, நீ வாங்கப்போகிற அதே தோட்டாவைப் போட்டு, நீயே சுட்டுப் பார். இட்லி விழுந்தால் வாங்கு.

சாரையும் அதே சுடுதளத்தில் பழக்கினோம். என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார். வங்கிக்காரர், விரல் நடுங்காது. பயிர் பால்பிடித்திருந்த சமயம், காகிதங்கள் எல்லாம் சரிபார்த்து அவரோடு நானும் பாலக்காட்டுக்குப் போனேன். தப்பு செய்தவன் கடைசிவரை கூட நிற்க வேண்டும் என்பது மேலுக்குச் சொன்ன காரணம். குண்டு தவறினால் செம்பூரில் உட்கார்ந்து போனுக்குக் காத்திருக்கிற தைரியம் எனக்கில்லை என்பது உள்காரணம்.

பார்வதியம்மாள் ஊன்றுகோலோடு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "விச்சு, இவர்தானா அந்தப் பன்னிரெண்டு?"

"ஆமாம்மா, நான்தான்," என்றேன்.

"சாப்பிடுங்கோ. நாளைக்கு அது வரும். நேத்திக்கும் வந்துது."

இரண்டு விடியல் வரவில்லை. மூன்றாவது நாள், வெளிச்சம் வந்து நெல்லின் பச்சை தெரிந்த நேரத்தில் வந்தது. ஒற்றைப் பன்றி, பெரியது. பம்ப் ஷெட்டுக்குள் நாங்கள் மூவரும், ஜன்னல் விளிம்பில் மணல் மூட்டைமேல் ரைஃபிள். சார் கன்னத்தைக் கட்டையில் வைத்தார். பன்றி வலது பக்கம் நகர்ந்து நின்று, கதிரை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

"சுடேன்டா," என்றார் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அக்கா, பின்னாடி ரோடாக்கும்."

"தின்னுண்டிருக்குடா!"

"தின்னட்டும்."

அது ஒரு பாத்தி முழுக்கத் தின்றது. மிதித்தது. புரண்டது. அந்த அம்மாள் தன் பயிர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அது தலையைத் தூக்கி இடது பக்கம் நடந்தது. குண்டு தவறினாலும் போய்ப் புதைகிற செம்மண் மேடு அதன் முதுகுக்குப் பின்னால் வந்தது. பக்கவாட்டில் நின்றது. சார் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார்.

ஒரே வெடி. பன்றி நின்ற இடத்திலேயே மடிந்தது. ஓடவில்லை.

"இன்னொரு தோட்டா போட்டு அப்படியே இருங்க சார், அஞ்சு நிமிஷம்," என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஐந்து நிமிஷம் ஒன்றும் அசையவில்லை. சார் போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பஞ்சாயத்துக்கும் வனத்துறைக்கும் போன் செய்தார். அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் புதைக்க வேண்டும்.

அதற்குள் அந்த அம்மாள் ஊன்றுகோலை ஊன்றி வரப்பில் தனியாக நடந்து போய்விட்டார். பன்றிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து மோட்டார் சுவிட்சைப் போட்டார். குழாயில் முதலில் காற்று இருமி, பிறகு தண்ணீர் வந்தது.

"அக்கா," என்றார் சார், "மாட்டுங்காவுல உனக்குன்னு ஒரு ரூம் ஒழிச்சு, பெயின்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கேன்..."

"அதை வாடகைக்கு விட்டுடு," என்றார் அந்த அம்மாள். குனிந்து ஊன்றுகோலின் நுனியால் மடையைக் குத்தி உடைத்து, தண்ணீரை வயலுக்குத் திருப்பிவிட்டார்.